எங்கள் வீட்டில் இருமியது யார்?

1

"காசநோய் உள்ள எவருடனாவது நீங்கள் ஒரே வீட்டில் வசித்தது உண்டா?"

கேள்விக்குக் கீழே மூன்று கட்டங்கள். உண்டு, இல்லை, தெரியாது. ஒரு நொடிகூட யோசிக்காமல் 'இல்லை'யைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். மணலி சாலையில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் பதினோரு வருடம் கிளார்க்காக இருந்தவள் நான். ஒரு பெட்டி உள்ளே வரவும் வெளியே போகவும் எத்தனை தாள் வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். படிவம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. ஆனால் அந்த ஒரு கட்டம் என்னைப் பல மாதங்கள் அலைக்கழித்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் ரெஜினா. வயது நாற்பத்து மூன்று. பிறந்தது ராயபுரம், கல்யாணமாகிப் போனது திருவொற்றியூர். ஆறு வருடத்துக்கு முன் கணவர் தாஸோடும் மகள் ஜெனியோடும் ஆஸ்திரேலியாவில் இந்தத் துறைமுக நகரத்துக்கு வந்தேன். தாஸ் குழாய் வெல்டர். எண்ணூரில் செய்த வேலையைத்தான் இங்கேயும் செய்கிறார். இங்கேயும் கடலோரத்தில் நிலக்கரி மலை மலையாகக் குவிந்து கிடக்கும், அதை ஏற்றிப் போகக் கப்பல்கள் தொலைவில் வரிசை கட்டி நிற்கும். வந்த புதிதில், அப்போது ஒன்பது வயதாக இருந்த ஜெனி, பால்கனியில் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, நாம எண்ணூருக்கே திரும்ப வந்துட்டோமா?" என்று கேட்டாள்.

நான் முதலில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது. முதல் வாரத்திலேயே ஒரு தாத்தா என்னிடம், "இன்றைக்கு நான் கொஞ்சம் குரூக்" என்றார். எனக்குத் தெரிந்த குரூக் என்றால் திருடன், பித்தலாட்டக்காரன். பாவம், பழைய தப்பு எதையோ நினைத்து வருந்துகிறார் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லை, நீங்கள் ரொம்ப நல்லவர்" என்று ஆறுதல் சொன்னேன். அவர் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே குரூக் என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தமாம். அவருக்கு அன்று காய்ச்சல்.

அந்த வேலையில் இருக்கும்போதுதான் எனக்குக் கேள்விகள் வர ஆரம்பித்தன. இந்த மாத்திரையை ஏன் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கிறோம்? கால் வீங்கினால் ஏன் நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கிறார்கள்? கேட்டால், "அது நர்ஸின் வேலை" என்பார்கள். சரி, நர்ஸாகவே ஆகிவிடலாம் என்று கல்லூரியில் சேர்ந்தேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. என் மகளைவிட நான்கு வயதுதான் பெரியவள்.

ஜெனிக்கு இதில் பெருமையா கூச்சமா என்று இன்றுவரை தெரியவில்லை. "அந்த யூனிஃபார்மோட என் ஸ்கூல் பக்கம் வந்துடாதம்மா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இப்போது அவளிடம் மிச்சம் இருக்கிற தமிழ், பசிக்குது, போதும், அம்மா ப்ளீஸ். அதற்கு மேல் வேண்டுமென்றால் தேடி எடுக்க வேண்டும்.

2

ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சிக்குப் போகுமுன் ஒவ்வொரு மாணவியும் தன் உடம்புக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நான் 'இல்லை'யைத் தொட்டது அந்தப் படிவத்தில்தான். குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசிகளின் அட்டை எங்கே? அம்மை வந்ததா? வந்தது என்றால் மருத்துவரின் கடிதம் எங்கே?

என் அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா பெயர் ஆரோக்கியமேரி. அறுபத்தாறு வயது. காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியத் தேக்சாவைத் தலையில் வைத்துத் தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்று எங்களை வளர்த்தவள். இப்போது விற்பதில்லை. திருவொற்றியூரில் என் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

"ஊசி போட்ட அட்டையா? மழ வெள்ளத்துல ரேசன் கார்டே மெதந்துகினு போச்சு, ஊசி அட்டைக்கு நா எங்க போவேன்?" என்றாள்.

"அம்மை வந்துச்சாமா எனக்கு?"

"வந்துச்சே. மாதா படத்துக்குக் கீழ வேப்பெல பரத்திப் படுக்க வெச்சேன். டாக்டராண்டலாம் இட்டுகினு போவல. அம்ம போட்டா யாருடி டாக்டராண்ட போவா?"

வேப்பிலைக்குச் சான்றிதழ் கிடையாது. கல்லூரி நர்ஸ் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை, ரத்தத்தைக் கேட்போம்" என்று ஐந்து குழாய் ரத்தம் எடுத்தார். நான்கு நாளில் பதில் வந்தது. சின்னம்மை வந்து போயிருக்கிறது, ஆம். தட்டம்மையும் வந்து போயிருக்கிறது, ஆம். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ராயபுரத்தில் ஒற்றை அறைப் போர்ஷனில் நடந்ததை என் ரத்தம் இங்கே வந்து சாட்சி சொன்னது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசி வரியில்தான் சிக்கல் இருந்தது. காசநோய்ப் பரிசோதனை: பாசிட்டிவ்.

"பாசிட்டிவ்னு வந்திருக்கு" என்று தாஸிடம் சொன்னேன். அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நல்ல விசயந்தான?" என்றார்.

3

கல்லூரியின் இணையப் பக்கத்தில், பயிற்சிக்குப் போகலாம் என்று என் பெயருக்கு நேராக இருந்த பச்சைப் புள்ளி சிவப்பாகிவிட்டது. பயிற்சி தொடங்க மூன்று வாரம் இருந்தது. முதல் சுற்றைத் தவறவிட்டால் பருவம் போகும், பருவம் போனால் ஆண்டே போகும் என்றார்கள். இருபது வயதில் ஓர் ஆண்டு போனால் போகட்டும் என்று விடலாம். என் வயதில் விட முடியாது.

மார்பு நோய் மருத்துவ மையத்தில் ஹெலன் என்ற நர்ஸ் என்னைப் பார்த்தார். அறுபதை நெருங்கும் வயது, கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எக்ஸ்-ரே எடுத்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஹெலன் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். கிருமி எப்போதோ உள்ளே போயிருக்கிறது. உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துப் போட்டிருக்கிறது. அது உறங்குகிறது. எனக்கு நோய் இல்லை, என்னிடமிருந்து யாருக்கும் பரவாது. ஆனால் வயதாகி உடம்பு தளரும்போது அது எழுந்துகொள்ளலாம். நான்கு மாதம் தினமும் மாத்திரை சாப்பிட்டால் அந்த ஆபத்து பெருமளவு குறையும்.

"யாரிடமிருந்து வந்திருக்கும் என்று தெரியுமா?" என்று கேட்டார்.

"எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை."

"தெரிந்தால் நல்லது. அவர் என்ன மருந்து சாப்பிட்டார், முழுசாக முடித்தாரா என்று தெரிந்தால் உனக்கு எந்த மாத்திரை சரி என்று முடிவுசெய்ய உதவும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை." பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆனால் எனக்கு எப்போதுமே தெரிந்துகொள்ள ஆசை" என்றார்.

அந்த ஆசை எனக்கும் தொற்றிக்கொண்டது. பேருந்தில் திரும்பி வரும்போதே ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் எழுதினேன்: 'எங்கள் வீட்டில் இருமியது யார்?'

4

வடசென்னையில் இருமியவரைத் தேடுவது, காசிமேட்டில் மீன் வாசனை எங்கிருந்து வருகிறது என்று தேடுவதைப் போல. நிலக்கரித் தூள், சாம்பல், லாரிப் புகை, காற்று திரும்பினால் ஆலைகளின் வாடை. நாங்கள் எல்லோருமே இருமித்தான் வளர்ந்தோம். எங்கள் வீட்டில் ஏழு போர்ஷன், நடுவில் ஒரு குழாய். காலையில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கும்போது யார் வந்திருக்கிறார்கள் என்பதை இருமலை வைத்தே சொல்லிவிடலாம்.

அம்மாவிடம் கேட்டேன். அவள் உற்சாகமாகிவிட்டாள். தினமும் காலை ஜெபம் முடித்துக் காபி குடித்துவிட்டு ஒரு புது ஆளைப் பிடித்துக் கொடுத்தாள். எனக்கு அப்போது மதியச் சாப்பாட்டு நேரம்.

"மூணாம் போர்ஷன் ஜோசப்பு. ஹார்பருல சிமிட்டி மூட்ட தூக்கிக்கினு இருந்தானே, அவன் இருமுனா கூர ஓடு ஆடும். அவந்தான்."

ஜோசப் மாமாவின் மகளைத் தேடிப்பிடித்து விசாரித்தேன். அவருக்கு ஆஸ்துமா. கடைசிவரை ஆஸ்துமா மட்டும்தான்.

"அப்ப தெருக்கோடி டீக்கடக்காரன். கெளாசக் கழுவவே மாட்டான், கலீஜு."

"டீ கிளாஸ்ல இது பரவாதும்மா. காத்துலதான் பரவும். ஒரே ரூம்ல ரொம்ப நாள் கூட இருந்திருக்கணும்."

"அப்டியா? அப்ப ஸ்டீபன் பொண்டாட்டி. நெஞ்சக் கையில புட்சிகினு இருமுவா."

"அவங்க நம்ம வூட்ல வந்து தூங்குனாங்களா?"

"இன்னாத்துக்கு இந்த ஆராய்ச்சி? எவனோ ஒருத்தன் குட்த்துட்டுப் போய்ட்டான். மாத்திரய போட்டுகினு படிப்ப பாரு."

நோட்டில் பதினொரு பெயர்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ஒருநாள் நோட்டை எட்டிப் பார்த்த ஜெனி, "இது யாரு, எல்லாரும் கிரிமினல்ஸா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இருமியவர்கள் என்று சொன்னேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வீட்டின் படத்தை வரைந்து காட்டச் சொன்னாள். யார் எங்கே படுப்பார்கள், சன்னல் எந்தப் பக்கம், குழாய் எங்கே என்று துருவித் துருவிக் கேட்டாள். என் ஊரைப் பற்றி அவள் தானாகக் கேட்டது வெகுநாளுக்குப் பிறகு அன்றுதான்.

5

எக்ஸ்-ரே சுத்தம் என்று டாக்டர் கடிதம் கொடுத்ததும் சிவப்புப் புள்ளி மஞ்சளானது. இன்னும் யாரோ ஒருவர் இன்னொரு படிவத்தைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பயிற்சிக்கு ஆறு நாள். காத்திருந்த வேளையில் மாத்திரையை வாங்கி வந்தேன். அம்மாவிடம் சொன்னேன்.

"டெய்லியா?"

"டெய்லி. வெறும் வயித்துல."

"வெறும் வயித்துலன்னா எழுந்த ஒடனே போட்டுடு, மறக்காது. மொத நாளு ஒண்ணுக்குப் போனா செவப்பா போவும். ரத்தம்னு பயந்துடாத. அது மாத்திரையோட கலரு."

நான் மாத்திரை அட்டையைக் கையில் வைத்தபடி நின்றேன். அந்தத் தகவல் ஹெலன் கொடுத்த காகிதத்தில் இருந்தது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம் என்று. அம்மாவிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.

"உனக்கு எப்டிமா தெரியும்?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "டிவில சொன்னாங்கோ" என்றாள்.

"எந்த டிவில?"

"அடுப்புல பாலு வெச்சிகிறேன்" என்று வைத்துவிட்டாள்.

மூன்று நாள் போனை எடுக்கவில்லை. தம்பியைக் கேட்டால், அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள், தூங்குகிறாள் என்றான். நோட்டில் பன்னிரண்டாவது பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் நானாக எழுதுவது திருட்டுத்தனம் மாதிரி இருந்தது.

நான்காம் நாள் அவளே கூப்பிட்டாள். வீடியோவில் பின்னால் வானமும் துணிக் கொடியும் தெரிந்தன. மொட்டை மாடிக்கு ஏறி வந்திருக்கிறாள்.

"கீழ மருமவ கீறா. அவ காதுல வுழக்கூடாது. வுழுந்தா நாளைக்கே என் தட்ட தனியா எட்த்து வெச்சிடுவா. நல்லவதான், ஆனா பயந்துடுவா."

"சொல்லுமா."

"எனக்குத்தாண்டி இருந்துச்சு."

6

அப்போது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. அம்மாவுக்கு முப்பத்தொன்று. அப்பா விசைப்படகில் போனால் எட்டு நாள், பத்து நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். அம்மாவுக்கு மாலையானால் காய்ச்சல், விடாத இருமல், தேக்சாவைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. ஒருநாள் துப்பியபோது ரத்தம் வந்தது.

"டிபி-ன்னு தெரிஞ்சா எவடி எங்கிட்ட மீனு வாங்குவா? வாசப்படி ஏறவே வுடமாட்டாங்கோ. ஹவுஸ் ஓனரு வூட்டக் காலி பண்ணுன்னுவான். உங்க ரெண்டு பேரயும் ஸ்கூல்ல தனியா ஒக்கார வெப்பாங்கோ."

அதனால் அவள் ராயபுரத்தில் எந்த டாக்டரிடமும் போகவில்லை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இடம் வேண்டும். மாதவரத்தில் பால் காலனி வீடுகளில் மீன் கேட்கிறார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, தேக்சாவோடு பஸ் ஏறினாள். அந்தப் பக்கம் இருந்த ஒரு அரசு டிஸ்பென்சரியில் போய் நின்றாள்.

"பேரு இன்னான்னாங்கோ. ஆரோக்கியமேரின்னு சொல்ல வாய் வரல. லச்சுமின்னேன்."

"லச்சுமியா?"

"எனக்கு முன்னாடி நின்ன பொம்பள லச்சுமின்னு சொன்னா. அதுவே நல்லா இருந்துச்சு, நானும் சொல்லிட்டேன். ரெண்டு மாசம் ஊசி. அப்பறம் மாத்திர. வாரத்துல ரெண்டு நாளு அவங்க கண்ணு முன்னாடியே முழுங்கணும். தேக்சாவ வெளிய வெச்சிட்டு உள்ள போவேன். பூன சுத்திக்கும். மாத்திர குடுக்கற ஆளு போறப்பல்லாம், 'லச்சுமி, இன்னிக்கு இன்னா மீனு?'ன்னு கேப்பாரு. பாதி மீன அவரும் நர்சுங்களுமே வாங்கிப்பாங்கோ. நல்ல வியாபாரம்டி அங்க."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு நான் கேட்டேன்.

"நைனாவுக்கு?"

"ஒங்க நைனாவுக்குத் தெரியாது. சாவுற வரிக்கும் தெரியாது."

"எப்டிமா முடியும்? ஒரே ரூமு."

"பொருத்தனன்னு சொன்னேன். வேளாங்கண்ணி மாதாவுக்கு ஆறு மாசம் நடையில பாய் போட்டுத் தனியா படுத்துக்கறேன், தனித் தட்டுல சாப்பிடறேன்னு வேண்டிகினு கீறேன்னு சொன்னேன். மாதா பேரச் சொன்னா அந்தாளு வாயத் தொறக்கமாட்டான். நீ மட்டும் கஷ்டப்படறியே, நானும் எதாவது செய்யறேன்னு ஆறு மாசம் பீடிய வுட்டுட்டான்."

எனக்கு அந்த ஆறு மாதம் ஞாபகம் இருந்தது. கதவுக்கு வெளியே நடையில் அம்மா பாய் விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். தம்பி அழுதால், "அக்காகிட்ட போ" என்பாள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எங்கம்மா மாதாவுக்காகத் தரையில் படுக்கிறாள் என்று நான் பெருமையடித்திருக்கிறேன். வீட்டில் வேறு மாதிரி நினைத்திருக்கிறேன். நான் என்னவோ தப்பு செய்துவிட்டேன், அதனால்தான் என்னைப் பக்கத்தில் சேர்க்கவில்லை என்று. என்ன தப்பு என்று எவ்வளவோ யோசித்தும் என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. பிறகு மறந்தும் போனேன்.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அதற்குள் என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெனி போனுக்குள் தலையை நீட்டினாள். எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

"ஆயா, நீ தாத்தாகிட்ட பொய் சொன்னியா?" என்று கேட்டாள். முழு வாக்கியம். சுத்தத் தமிழ்.

அம்மா திடுக்கிட்டாள். பிறகு, "பொய்யி இல்லடி கண்ணு, பொருத்தன" என்றாள். "மாதாவுக்கு எல்லாம் தெரியும். ஒடம்பு சரியானதும் வேளாங்கண்ணிக்குப் போயி முடியக் குட்த்துட்டு வந்தேன். கணக்கு சரியாப் போச்சு."

ஜெனி போன பிறகு அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"ரெஜி. நாந்தான் ஒனக்குக் குட்த்துட்டனா?"

படிக்கிற பெண்ணாக உண்மையைச் சொல்ல வேண்டும், மகளாகவும் ஏதாவது சொல்ல வேண்டும். "தெரியாதும்மா. யாராலயும் சொல்ல முடியாது. நம்மூர்ல நெறைய பேரு ஒடம்புல இது தூங்கிக்கினுதான் கீது. பஸ்ல வந்திருக்கும், ஸ்கூல்ல வந்திருக்கும், கிடங்குல வந்திருக்கும். உங்கிட்டயிருந்தும் வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "நடையிலதான படுத்தேன்."

"மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்திருக்கும்மா. மருந்து சாப்ட ஆரம்பிச்சா கொஞ்ச வாரத்துலயே பொதுவா பரவறது நின்னுடும். ஆறு மாசம் வெளிய படுத்திருக்கவே வேணாம். அங்க யாரும் சொல்லலியா?"

துணிக் கொடியில் ஒரு லுங்கி காற்றில் அடித்துக்கொண்டது. நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

"லச்சுமிக்குப் புள்ளைங்களே கிடையாது" என்றாள் கடைசியில். "அப்டித்தான் சொல்லி வெச்சிருந்தேன். கொயந்த கீதுன்னா வூட்டுக்கு வந்து பாப்பாங்கோன்னு பயம். யாரக் கேக்கறது? சொல்லியிருந்தாலும் நா நம்பியிருக்க மாட்டேன். வெளியதான் படுத்திருப்பேன்."

7

பயிற்சி தொடங்குவதற்கு முதல் நாள் மதியம் புள்ளி பச்சையானது. வகுப்பில் நான்தான் கடைசி.

முதல் மாதப் பரிசோதனைக்கு ஹெலனிடம் போனபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். என்ன மீன்? தேக்சா என்றால் எவ்வளவு பெரியது? பஸ்ஸில் அதை ஏற்ற விடுவார்களா? வேறு பெயர் சொன்னது டிஸ்பென்சரியில் பிறகாவது தெரிந்ததா? பின்னால் காத்திருப்பவர்கள் கதவைத் தட்டும்வரை கேட்டார். பிறகு கணினியில் எழுதினார். திரையில் அந்த வரியைப் பார்த்தேன்: 'தாயாருக்குக் காசநோய் இருந்ததாகவும், சிகிச்சையை முடித்ததாகவும் கூறப்படுகிறது. ஆவணங்கள் இல்லை.'

"கூறப்படுகிறது என்று ஏன் போட்டீர்கள்? முடித்தாள்" என்றேன்.

"எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் தாள் இல்லையே" என்றார் ஹெலன்.

தாள் இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட வெளியே விட்டதில்லை நான். அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த 'கூறப்படுகிறது' பஸ்ஸில் வீடுவரை உறுத்திக்கொண்டே வந்தது.

அம்மாவை ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கச் சொன்னேன். முதலில் மறுத்தாள். நான் விடாமல் நச்சரித்த பிறகு, முட்டி வலிக்குக் காட்டுவதாக மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனாள். இந்தத் தடவை சொந்தப் பெயரில்தான் சீட்டு வாங்கியிருக்கிறாள். நெஞ்சின் மேல் பக்கத்தில் பழைய தழும்பு ஒன்று இருக்கிறது, ஆறிப் போனது, பயப்பட ஒன்றுமில்லை என்றாராம் டாக்டர். எப்போது வந்தது என்று அவர் கேட்டதற்கு, இவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "அந்த டாக்டரு சின்னப் பொண்ணு. ஒக்காரும்மான்னு சொல்லி முழுசாக் கேட்டுது" என்றாள். அதற்கு அடுத்த வாரம் மருமகளிடமும் அவளே சொல்லிவிட்டாள். தட்டு தனியாகவில்லை. "ஏன் அத்த என்னாண்ட சொல்லலன்னு அழுதுச்சுடி அது" என்று அதிசயமாகச் சொன்னாள்.

வார்டில் எனக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் பாதிப்பேர் என்னைவிடச் சின்னவர்கள். ரத்த அழுத்தம் பார்க்கவும், ஊசிக்கு மருந்தளவு கணக்கிடவும் கற்றேன். நோயாளிகளிடம் வரலாறு கேட்டு எழுதுவதும் என் பயிற்சியில் ஒன்று. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டால், இல்லை என்று உடனே பதில் வரும். நானும் அப்படித்தான் தட்டினேன். இப்போதெல்லாம் அந்த இடத்தில் பேனாவைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்திருக்கிறேன். சிலர் அதற்குப் பிறகு பேசுகிறார்கள்.

8

போன வாரம் கடைசி மாத்திரையைச் சாப்பிட்டேன். ஹெலன் ஒரு கடிதம் கொடுத்தார். மேலே மையத்தின் முத்திரை, நடுவில் என் பெயர், கீழே அவர் கையெழுத்து. 'இவர் தமக்குப் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சையை முழுமையாக முடித்துள்ளார்.' அவ்வளவுதான் வாசகம்.

அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். தம்பி மனைவி படித்து அர்த்தம் சொல்லியிருக்கிறாள்.

"நாலு மாசத்துக்கே லெட்டரு குடுக்கறாங்களா?"

"ஆமாம்மா."

"நா ஆறு மாசம் போட்டேன். ரெண்டு மாசம் ஊசி வேற. மழையில ஒரு தபா பஸ்ஸே ஓடல, ராயபுரத்துலர்ந்து நடந்தே போயி முழுங்கிட்டு வந்தேன். ஒரு நாளு வுட்டதில்ல."

"தெரியும்மா."

"முடிஞ்சிட்ச்சு போ, இனிமே வராதன்னு சொல்லி அனுப்பிட்டாங்கோ. சீட்டு ஒண்ணும் குடுக்கல. குட்த்திருந்தாலும் லச்சுமி பேர்லதான குட்த்திருப்பாங்கோ." கொஞ்சம் தயங்கினாள். "இந்த மாரி எனக்கு ஒண்ணு எழுதி வாங்கித் தர முடியுமா? சும்மா. பொட்டியில வெச்சிக்கறதுக்கு."

"நான் எழுதித் தரலாம்மா. ஆனா நர்ஸ் கையெழுத்து போடணும். நான் இன்னும் நர்ஸ் ஆவல. ரெண்டு வருசம் கீது."

"அவசரம் இன்னா?" என்றாள் அம்மா. "நீ ஆயிட்டு போடு. அது வரிக்கும் நா கீறேன்."